பெல்ட் வண்டி பிறந்த கதை

2023 பிப்ரவரி முதல் வாரத்தில் காவிரி டெல்டாவில் பெய்த மழையை எங்கள் ஊரில் யாரும் மறக்கவில்லை. தை மாதக் கடைசி. சம்பா முற்றித் தலை கவிழ்ந்து, அறுவடை மெஷின் வரும் நாளுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. மழை விட்டபோது சித்தப்பாவின் இரண்டு ஏக்கரும் ஒரே பக்கமாகச் சாய்ந்து, பாய் விரித்தது போலத் தண்ணீரில் கிடந்தது. இன்னும் நாலு நாள் விட்டால் கதிரிலேயே முளை கண்டுவிடும்.

முதலில் வந்தது டயர் வண்டி. வயலுக்குள் இறங்கி அரைச் சுற்று போயிருக்கும். பின் சக்கரம் சுழன்றது, வண்டி நகரவில்லை. இழுக்க வந்த டிராக்டரும் வரப்பை ஒட்டியே புதைந்தது. "வயலு தாங்காதுண்ணு அப்பவே சொன்னேன். பெல்ட்டு வண்டியா பாருடா" என்று சித்தப்பா என்னை விரட்டினார். புரோக்கருக்கு எத்தனை முறை போன் செய்தேன் என்று கணக்கில்லை. மூன்றாம் நாள் காலையில், ஆத்தூரிலிருந்து லாரியில் ஏற்றி வந்த பெல்ட் வண்டி ஒன்று எங்கள் வாய்க்கால் கரையில் வந்து இறங்கியது.

அது அறுக்க அறுக்க நான் பின்னாலேயே நடந்தேன். என் கால் கணுக்காலுக்கு மேல் புதைந்தது. மூன்று டன் எடையுள்ள அந்த வண்டியின் தடமோ நாலு விரற்கடை ஆழம்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 65 கிலோ ஆள் ஒரு காலை ஊன்றும்போது அந்தப் பாதத்தின் கீழ் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் 400 கிராமுக்கு மேல் தாங்க வேண்டும். இரண்டு ரப்பர் பெல்ட்டும் சேர்ந்து தரையில் படியும் பரப்பை வைத்துப் பார்த்தால், அந்த வண்டி 250 கிராம்கூட அழுத்துவதில்லை. மனிதனைவிட மெதுவாகக் கால் வைக்கிறது.

டீக்கடையில் அறுப்புக் காலம் முழுக்க ஒரே பேச்சுதான்: எந்தக் கம்பெனி மெஷின் நல்லது? பச்சையா, ஆரஞ்சா, சிவப்பா? ஒருவர் மணி சிந்தாது என்பார், ஒருவர் வைக்கோல் முழுசாக விழும் என்பார், ஒருவர் ஸ்பேர் பார்ட்ஸ் தஞ்சாவூரிலேயே கிடைக்கும் என்பார். அந்த மழைக்குப் பிறகு எனக்கு இந்தப் பேச்சு வேறு மாதிரி கேட்கத் தொடங்கியது. ஒவ்வொரு கம்பெனி வண்டியும் எங்கேயோ ஒரு மண்ணில், அந்த மண்ணின் தொல்லைக்காகப் பிறந்தது. அது தெரிந்தால் எந்த வண்டி எங்கே நிற்கும், எங்கே நிற்காது என்பதில் பாதி புரிந்துவிடும்.

அறுப்பு, அடிப்பு, தூற்றல் என்ற மூன்று வேலையையும் ஒரே வண்டிக்குள் அடக்க முதலில் துணிந்தவர் ஹிராம் மூர். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கிளைமேக்ஸ் என்ற சிற்றூர்க்காரர். 1836இல் காப்புரிமை வாங்கினார். பதினாறு, இருபது குதிரை பூட்டி இழுக்க வேண்டிய பூதம் அது. மிச்சிகன் ஈரமான ஊர். கதிர் நின்ற நிலையிலேயே நன்றாகக் காயாது. அறுத்துக் கட்டி, அடுக்கிக் காயவைத்து, பிறகு அடித்தால்தான் கோதுமை கெடாமல் இருக்கும். ஒரே மூச்சில் அறுத்து அடிக்கும் வண்டிக்கு அந்த ஊரில் வேலை குறைவு. 1854இல் மூரின் வண்டி ஒன்றைக் கப்பலில் ஏற்றி, தென் அமெரிக்க முனையைச் சுற்றிக் கலிபோர்னியாவுக்கு அனுப்பினார்கள். அங்கே அலமேடா பகுதியில் அந்த ஒரு வண்டி 600 ஏக்கர் கோதுமையை அறுத்தது. கலிபோர்னியாவில் கோடை முழுக்க மழை கிடையாது. கதிர் நின்றபடியே சருகாகக் காயும். வண்டி அதே வண்டிதான், மண்தான் மாறியது.

அந்தக் கலிபோர்னியாவில்தான் நம் பெல்ட்டின் கதை தொடங்குகிறது. சான் வாக்கீன் ஆறு கடலை நெருங்கும் இடத்தில் ஒரு டெல்டா இருக்கிறது. அதன் ஓரத்து ஊர் ஸ்டாக்டன். நியூ ஹாம்ப்ஷயரில் பிறந்த பெஞ்சமின் ஹோல்ட் 1883இல் அங்கே வந்து அண்ணன் தம்பிகளோடு வண்டிச் சக்கரப் பட்டறை போட்டார். 1886இல் அவர்கள் அறுவடை வண்டி ஒன்றைச் செய்தார்கள். அதுவரை வந்த வண்டிகளில் உள்ளே எல்லாம் பற்சக்கரங்கள். முப்பது, நாற்பது குதிரையோ கோவேறு கழுதையோ பூட்டிய கூட்டம் மிரண்டு ஓடினால் வண்டியின் உள்பாகங்கள் தாறுமாறாகச் சுழன்று பற்சக்கரங்கள் உடைந்து சிதறும், பக்கத்தில் நிற்பவன்மேல் பாயும். ஹோல்ட் பற்சக்கரங்களுக்குப் பதிலாகக் கண்ணிச் சங்கிலியைப் போட்டார். அந்தச் சங்கிலியையே தன் வண்டிக்குப் பெயராகவும் வைத்தார். சான் லியாண்ட்ரோவில் டேனியல் பெஸ்ட் என்பவர் அவருக்குப் போட்டி. பெஸ்ட் நீராவி இழுவை வண்டியைக் கொண்டுவந்தால் ஹோல்டும் கொண்டுவருவார். ஹோல்ட் மலைச்சரிவில் சாயாமல் நிற்கும் வண்டி செய்தால் பெஸ்ட் அதைவிடப் பெரிதாக ஒன்று செய்வார். இந்த இரண்டு பேரின் போட்டியில்தான் அறுவடை வண்டி வளர்ந்தது என்று சொன்னால் மிகையில்லை.

டெல்டாவின் உள்தீவுகளில் இரண்டு பேருமே தோற்றார்கள். அங்கே மண் இலை மக்கிச் சேர்ந்த கரி மண். கால் வைத்தால் மெத்தை. நீராவி வண்டிகள் புதைந்தன. சக்கரத்தை அகலமாக்கினார்கள். இன்னும் அகலமாக்கினார்கள். கடைசியில் 46 அடி அகலம் வரும் ஒரு வண்டிகூட வந்தது. ஒரு வயலிலிருந்து இன்னொரு வயலுக்கு அதைக் கொண்டுபோவதே பெரும்பாடு. பரம்படிக்கிற நமக்கு இதற்கு விடை தெரியும். சேற்றில் பலகை போட்டால் ஆள் அமிழ மாட்டான். ஆனால் வண்டி போகப் போகப் பலகையும் கூடவே வர வேண்டுமே!

ஹோல்ட் அதைத்தான் செய்தார். ஒரு நீராவி வண்டியின் பின் சக்கரங்களைக் கழற்றினார். மரத்துண்டுகளைச் சங்கிலியில் வரிசையாகக் கோத்து, 9 அடி நீளமுள்ள, முடிவில்லாத பலகைப் பாதைகளைப் பூட்டினார். 1904 நவம்பர் 24ஆம் தேதி, ஸ்டாக்டனை அடுத்த ராபர்ட்ஸ் தீவின் சேற்றில் அது ஓடியது, புதையவில்லை. படம் எடுக்க வந்த சார்லஸ் கிளெமென்ட்ஸ் என்ற போட்டோகிராபர், அந்தப் பட்டை ஏறி இறங்கி ஊர்வதைப் பார்த்துக் கம்பளிப்பூச்சி போல இருக்கிறது என்றாராம். அந்தப் பூச்சியின் ஆங்கிலப் பெயரே கேட்டர்பில்லர் என்று கம்பெனிப் பெயரானது. முதல் உலகப் போரில் டாங்கி உருவானதற்கு ஹோல்டின் இந்தப் பட்டையும் ஒரு தூண்டுதல். பெஸ்டின் மகன் தனிக் கம்பெனி தொடங்கி ஹோல்டோடு மறுபடி மோதி, 1925இல் இரண்டும் ஒன்றாகின. சேற்றுக்குப் பிறந்த பட்டையைச் சாலைபோடும் வண்டிக்கும் போர் வண்டிக்கும் கொண்டுபோன அந்தக் கம்பெனி, 1930களில் அறுவடை வண்டித் தொழிலையே விட்டுவிட்டது. ஆசியாவின் நெல் வயலுக்குப் பட்டை வர இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின.

இதே காலத்தில் ஆஸ்திரேலியாவில் வேறொரு வழி. அங்கே வறட்சி, தாள் குட்டை, வைக்கோலுக்கு விலையில்லை. அதனால் கதிரை மட்டும் சீப்பால் வாருவது போல உருவி எடுத்து, அங்கேயே தூற்றிவிடும் வண்டியை 1880களில் எச்.வி. மெக்கே என்ற விவசாயி மகன் விக்டோரியாவில் உருவாக்கினார். பெயர் சன்ஷைன். அந்தத் தொழிற்சாலை இருந்த மெல்போர்ன் புறநகரே பிறகு சன்ஷைன் ஆனது. என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது வேறொன்று. 1907இல் அதே தொழிற்சாலையின் கூலி வழக்கில்தான் நீதிபதி ஹிக்கின்ஸ், ஒரு தொழிலாளி குடும்பத்தோடு மனிதனாக வாழ எவ்வளவு வேண்டுமோ அதுவே நியாயமான கூலி என்று தீர்ப்புச் சொன்னார்; வாரம் 42 ஷில்லிங். அறுவடை வண்டி வழக்கு என்றே அதற்குப் பெயர். எங்கள் ஊரில் மெஷின் வந்தபோது அறுப்புக் கூலியாகக் களத்துமேட்டில் நெல் அளந்து வாங்கிப் போன பெண்களுக்கு அந்த வருமானம் ஒரே பருவத்தில் நின்றுபோனது. அவர்களுக்காக எந்தத் தீர்ப்பும் வரவில்லை. இந்த வண்டியைப் பற்றி எழுதுகிறவன் அதைச் சொல்லாமல் போவது சரியில்லை.

அறுவடை வண்டி தன் காலிலேயே ஓடத் தொடங்கிய கதைக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் தொடர்பு உண்டு. அங்கிருந்து வந்த தாமஸ் கேரல், கனடாவின் மாசி-ஹாரிஸ் கம்பெனிக்காக 1938இல் டிராக்டர் இழுக்காமல் தானே ஓடும் வண்டியைக் கொடுத்தார். அதைவிட எடையும் விலையும் குறைந்த எம்.எச். 21 பிறகு வந்தது. 1944இல் போர்க்காலம், இரும்புக்குக் கட்டுப்பாடு. கம்பெனி அமெரிக்க அரசிடம் கேட்டது இதுதான்: 500 வண்டிக்கு மட்டும் கூடுதலாக இரும்பு கொடுங்கள், வாங்குகிறவர்கள் டெக்சஸிலிருந்து கனடா எல்லைவரை விளைச்சலைப் பின்தொடர்ந்து கூலிக்கு அறுத்துக்கொண்டே போவார்கள். அப்படியே அந்தப் பருவத்தில் 10 லட்சம் ஏக்கருக்கு மேல் அறுத்தார்கள். குறுவைக்கு ஒரு ஊர், சம்பாவுக்கு ஒரு ஊர், பிறகு ஆந்திரா என்று லாரியில் வண்டியை ஏற்றிக்கொண்டு வீட்டை மறந்து திரியும் ஆத்தூர், பெரம்பலூர் டிரைவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த 500 வண்டிகள் நினைவுக்கு வரும்.

ஐரோப்பாவின் தொல்லை நேர்மாறு. மழை, ஈரம், இடுப்புக்கு மேல் வளர்ந்த அடர்ந்த தாள். அமெரிக்க வண்டி இங்கே நிற்காது என்று கற்றவர்களே சொன்னார்கள். ஜெர்மனியின் ஹார்சவிங்கல் ஊரில் ஆகஸ்ட் கிளாஸ் வைக்கோல் கட்டும் முடிச்சுக் கருவிக்குப் பெயர் வாங்கியவர். 1921இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றிருந்தார். அந்த முடிச்சு போடும் அலகுதான் பின்னாளில் கம்பெனிச் சின்னத்திலும் ஏறியது. கயிற்று முடிச்சிலிருந்து தொடங்கிய கை என்பதால், அவருக்கு வைக்கோலை வீணாக்க மனம் வரவில்லை. 1936இல் அவர் காட்டிய வண்டி அறுக்கும், அடிக்கும், கடைசியில் வைக்கோலைக் கட்டாகக் கட்டியும் போடும். மாட்டுக்கு வைக்கோல் வேண்டும் என்கிற நம் ஊர்க்காரனுக்குக் கலிபோர்னியா வண்டியைவிட இந்த ஜெர்மன் வண்டியின் மனசு சட்டென்று புரியும். பக்கத்து பெல்ஜியத்தில், ஜெடல்கெம் ஊரில் லியோன் கிளேஸ் 1952இல் தானே ஓடும் வண்டியைக் கொண்டுவந்தார். அது பின்னாளில் நியூ ஹாலந்து கம்பெனியோடு சேர்ந்து மஞ்சள் நிறமானது.

அடுத்த பெரும் போட்டி வண்டியின் வயிற்றுக்குள் நடந்தது. அதுவரை பெரும்பாலான கம்பெனி வண்டிகளில் ஒரே முறை: டிரம் குறுக்கே சுழன்று கதிரை அடிக்கும், பின்னால் நீண்ட உதறிகள் வைக்கோலைத் தூக்கித் தூக்கிப் போட்டு ஒட்டியிருக்கும் மணியைப் பிரிக்கும். நம் பெண்கள் அடித்த தாளை உதறி எடுப்பார்களே, அதேதான். 1975இல் நியூ ஹாலந்து உதறியை எடுத்துவிட்டு இரண்டு நீண்ட உருளைகளை நீளவாக்கில் படுக்க வைத்தது. இரண்டே ஆண்டில், 1977இல், இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் ஒரே ஒரு பெரிய உருளையோடு சிவப்பு வண்டியை இறக்கியது. கதிர் அந்த உருளையைச் சுற்றிச் சுற்றி, அடிபட்டபடியே பின்னால் நகரும். ஒரே அடியாக அடிக்காமல் பல சுற்றுத் தேய்த்துப் பிரிப்பதால் மக்காச்சோள மணி அவ்வளவாக உடையாது. அமெரிக்கச் சோள விவசாயி மகிழ்ந்தான். வைக்கோல் தூளானதில் ஐரோப்பிய மாட்டுக்காரன் முகம் சுளித்தான். ஜான் டீர் கடைசிவரை யோசித்து, 1990களின் இறுதியில்தான் உருளைக்கு வந்தது. கிளாஸ் 1995இல் முன்னால் டிரம், பின்னால் உருளை என்று இரண்டையும் சேர்த்து லெக்சியான் வண்டியைக் கொடுத்தது. எது உயர்ந்தது என்று அந்தச் சண்டை இன்றும் தீரவில்லை. எனக்குத் தோன்றுவது, சோளக்காரன் சொன்னதும் மாட்டுக்காரன் சொன்னதும் இரண்டுமே சரி.

இத்தனை கதையிலும் நெல் எங்கே? கோதுமைத் தாள் காய்ந்தால் மடமடவென்று முறியும். நெல் தாள் மணி முற்றிய பிறகும் பச்சையாக, ஈரமாக, நார் போல இருக்கும். கோதுமை டிரம்மில் இருப்பது வரிப்பட்டை, தேய்த்து உதிர்க்கும். நெல்லுக்கு முள் வேண்டும். டிரம் முழுக்க இரும்புப் பற்கள் நட்டு, தாளைக் கோதி இழுத்தால்தான் மணி பிரியும். உமியில் இருக்கும் மணற்சத்து அந்தப் பற்களை அரம் போட்டது போலத் தேய்த்துவிடும். போதாததற்கு, வயலில் தண்ணீர்.

ஜப்பான் 1960களில் தன் வழியைக் கண்டது. தாளின் அடியைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு கதிரை மட்டும் டிரம்மில் நீட்டும் சின்ன வண்டி, ரப்பர் பெல்ட்டின்மேல். வைக்கோல் கை அறுப்பு போலவே முழுசாக விழும். வரிசை பிடித்து நட்டு நேராக நிற்கும் குட்டை ரகத்துக்கு அது அருமை. சாய்ந்த சம்பாவுக்கு அவ்வளவாக ஒத்துவராது.

நம் பக்கத்து நெல்லுக்குத் தேவையான மூளை பிலிப்பைன்ஸில், லாஸ் பானோஸ் ஊரில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்தது. 1970களின் தொடக்கத்தில் அமீர் கான் என்ற பொறியாளர் தலைமையில், ஈரமான நெல் தாளையும் அடிக்கிற ஒரு கதிரடிப்பான் உருவானது. முள் நட்ட நீண்ட டிரம்; தாள் ஒரு முனையில் நுழைந்து, திருகுபோலச் சுற்றிச் சுற்றி மறுமுனையில் வெளியே விழும். உதறியே தேவையில்லை. அமெரிக்கக் கம்பெனிகள் பெரும் பணம் போட்டு உருளைக்கு அலைந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், இதன் வரைபடத்தை ஆராய்ச்சி நிலையம் ஆசியாவின் சின்னப் பட்டறைகளுக்கு இலவசமாகக் கொடுத்தது. தாய்லாந்துப் பட்டறைக்காரர்கள் அந்த டிரம்மை இரும்புப் பட்டையின்மேல் ஏற்றித் தங்கள் சேற்றுக்கு ஏற்ற அறுவடை வண்டியைத் தாங்களே செய்துகொண்டார்கள். பெல்ட் வண்டி பிறந்த கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். மற்ற இடங்களிலெல்லாம் காப்புரிமை, வழக்கு, போட்டி. இங்கே ஒரு வரைபடம் கையிலிருந்து கைக்குப் போயிருக்கிறது.

இந்தியாவில் முதலில் வேரூன்றியது டயர் வண்டி. 1980இல் பஞ்சாபின் ஸ்வராஜ் தன் 8100ஐக் கொண்டுவந்தது. நாபா, பாத்சன் போன்ற ஊர்களில் கர்த்தார், பிரீத் என்று கம்பெனிகள் எழுந்தன. கோதுமை வயலுக்குப் பிறந்த வண்டிகள் அவை. பஞ்சாபில் வேகத்துக்கும் உழைப்புக்கும் அவற்றை அடித்துக்கொள்ள ஆளில்லை. குறுவையில் வயல் காய்ந்திருந்தால் நம் டெல்டாவிலும் டயர் வண்டிதான் லாபம். மணிக்கு வாடகை குறைவு, அறுப்பும் அகலம். 1990களில் கிளாஸ், எஸ்கார்ட்ஸ் கம்பெனியோடு சேர்ந்து பரிதாபாதில் கிராப் டைகரைக் கட்டியது. முன்னால் ஒரு டிரம், அடுத்து தாள் சுற்றிச் சுற்றிப் போகும் உருளை, வேண்டுமென்றால் கீழே பட்டை. அந்தப் பச்சை வண்டிதான் எங்கள் பக்கத்தில் பல ஊருக்கு முதல் பெல்ட் வண்டி. 2008இல் குபோட்டா சென்னையில் கம்பெனி தொடங்கிய பிறகு ஆரஞ்சு வண்டிகள் வந்தன. எடை குறைவு, வரப்பில் திரும்புவது சுலபம். சிவப்பில் யான்மர் வந்தது. 2024இல் கிளாஸின் இந்தியத் தொழிலையே யான்மர் வாங்கிக்கொண்டது.

அன்றைக்கு எங்கள் வயலில் அறுத்த டிரைவர் தம்பிக்கு இருபத்தைந்து வயதிருக்கும். நின்ற பயிரென்றால் ஓர் ஏக்கர் ஒரு மணி நேரத்தில் முடிக்கிறவன், சாய்ந்த பயிரில் ஒரு பக்கமாக மட்டுமே அறுக்க முடிந்ததால் ஒவ்வொரு முறையும் வெறுமனே திரும்பி வந்து மறுபடி தொடங்கினான். நாலு தடவை டிரம் அடைத்தது. நாலாவது தடவை என்ஜினை நிறுத்தி, பக்கத் தகரத்தைக் கழற்றிவிட்டு, கதிரரிவாளால் சுற்றியிருந்த ஈர வைக்கோலை அறுத்து அறுத்து வெளியே இழுத்தான். உள்ளே முள் வரிசை தெரிந்தது. ஒரு பக்கம் மழுங்கிப் பளபளவென்று இருந்தது.

"போன மாசந்தான் புதுசு போட்டேன்யா" என்றான் சித்தப்பாவிடம். "சேறும் மணியும் சேர்ந்தா இப்படித்தான் தின்னுடும்."

"எந்தக் கம்பெனி தம்பி நல்லாருக்கும்? நானும் ஒண்ணு வாங்கலாம்னு ஒரு நெனப்பு."

அவன் தகரத்தைப் பூட்டிக்கொண்டே கேட்டான்: "உங்க வயலு தை மாசம் எப்படிங்கய்யா இருக்கும்? எல்லா வருசமும் இப்படியா?"

சித்தப்பா வயலைப் பார்த்தார். பதில் சொல்லவில்லை.

நல்ல வருடத்தில் 90 மூட்டை கண்ட வயல் அன்று 58 கொடுத்தது. இருட்டுவதற்குள் அடுத்த ஊர் போக வேண்டும் என்று அவன் அவசரப்பட்டான். வாய்க்கால் கரை மழையில் இளகியிருந்ததால் லாரிக்கு ஏறும் இடத்தில் பெல்ட்டுகூடச் சறுக்கியது. சித்தப்பா வீட்டுப் பின்னால் கிடந்த பனங்கட்டை நாலைத் தூக்கி வந்து சேற்றில் வரிசையாகப் போட்டோம். வண்டி அதன்மேல் ஊர்ந்து ஏறிப் போனது.